ஹ்ரிஷ்கோ தைத்த காளான்கள்

எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியில் லைல் ஹ்ரிஷ்கோவுக்கு ஒரே வேலைதான், அடிப்பது. கோல் போடுகிறவன் கோடி என்ற சின்னப் பையன். கோடிமேல் எவனாவது கைவைத்தால் அவன் மூக்கைப் பெயர்த்துவிட்டு, அதற்குத் தண்டனையாக ஓரக் கூண்டில் போய் உட்காருகிறவன் லைல். இரண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டால் ஒருவன் விழும்வரை நடுவர்கள் விலக்க மாட்டார்கள். வாரமெல்லாம் சுரங்கத்தில் வாயை மூடிக்கொண்டு கிடக்கிற சனம் கோலைவிட அதற்குத்தான் தொண்டை கிழியக் கத்தும். நல்ல சனம்தான், மற்ற நாட்களில்.

அந்த லைல் வெளியூர் போகும் பஸ்ஸில் மடியில் தகர டப்பாவை வைத்துக்கொண்டு காளான் தைப்பான். சிவப்பு ஃபெல்ட் துணியில் குடை, வெள்ளையில் தண்டு, குடைக்கு அடியில் பழுப்பு நூலில் மடிப்பு மடிப்பாகத் தையல், ஓரமெல்லாம் காஜாத் தையல், உள்ளே பஞ்சு. கடைசியாகக் குடைமேல் வெள்ளைப் புள்ளிகள். ஊசியில் நூலைச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து இழுத்தால் மிளகு மாதிரி முடிச்சு உட்காரும்.

ஒரு சண்டையில் வலது கை முறிந்து, கட்டுப் பிரித்தபோது விரல் மடங்கவில்லை. மனைவி மார்லீன்தான் ஊசியைக் கொடுத்துப் பழக்கினாள். விரல் மடங்கியது. கூடவே அவன் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. வருடக்கணக்காக வாங்கிய குத்துகளால் மண்டைக்குள் ஓர் இரைச்சல் குடியேறியிருந்தது. மாத்திரைக்கும் பீருக்கும் மசியாத அந்தச் சனியன் தைக்கும்போது மட்டும் அடங்கியது.

"பெருசு, எனக்கொரு ஸ்வெட்டர் பின்னிக் குடேன்," என்பான் கோடி.

"கிட்ட வா, மொதல்ல உன் வாயத் தச்சு விடறேன்," என்பான் லைல், தலையை நிமிர்த்தாமலே.

இந்தக் குளிர்காலம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் கை இன்னொரு தடவை முறிந்தால் கட்டைவிரலில் பிடிமானம் போய்விடும், ஊசி பிடிப்பதை மறந்துவிட வேண்டியதுதான். இந்தப் பருவத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொள்கிறேன் என்று லைல் மார்லீனுக்கு வாக்குக் கொடுத்தான்.

கடைசி ஆட்டம் ஞாயிறு மதியம். எதிரணியில் திபோ என்று புதிதாக ஒரு தடியன். அவன் கோடியைப் பின்னாலிருந்து இடித்து, முகத்தைச் சுவர்ப்பலகையில் அறைந்தான். ஐஸ்மேல் ரத்தமும் பல்லும் சிதறின. அரங்கம் மொத்தமும் ஹ்ரிஷ்கோ, ஹ்ரிஷ்கோ என்று தரையை உதைத்தது. போகாமல் இருக்க முடியுமா? போனான்.

கேட்டுவிட்டு அடிப்பதுதான் அங்கே மரியாதை. "சின்ன வயசுல உங்க சண்டையப் பாத்துதான் ஆட வந்தேன். போடலாங்களா?" என்றான் திபோ.

"எங்க டீம் பையனோட பல்லப் பொறுக்கிக் குடுத்துட்டுப் போடு," என்று கையுறையை உதறினான் லைல்.

வலது கையால் திபோவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, இடது கையால் குத்தினான். அது சோற்றாங்கைக்கு நிகராகுமா? திபோவின் முதல் குத்தில் புருவம் பிளந்தது. அடுத்ததில் மூக்கு நொறுங்கித் தொண்டைக்குள் ரத்தம் இறங்கியது. தலைக்கவசம் தெறித்து ஓடியது. ஒரு சமயம் திபோவின் தாடை ஒரு முழத்தில் காவலில்லாமல் இருந்தது. வலது கையால் ஒன்று போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். வலது, வலது என்று சனம் அலறியது. லைல் அந்தக் கையைச் சட்டையிலிருந்து எடுக்கவே இல்லை. தலையைக் கொடுத்துக் கையைக் காப்பாற்றினான். காதுக்குப் பின்னால் விழுந்த குத்தில் கால் வழுக்கி, வெறும் மண்டை ஐஸில் மோதியது. அந்தச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அப்போதுதான் ஊர் வாயை மூடியது.

ஆஸ்பத்திரியில் பல நாள் கழித்து லைல் கண்விழித்தான். மார்லீன் அவன் வலது கையை எடுத்து விரல் விரலாக மடக்கிப் பார்த்தாள். ஓர் எலும்புகூட முறியவில்லை. அழுகையும் சிரிப்புமாக டப்பாவைத் திறந்து, புள்ளி வைக்காத ஒரு குடையையும் ஊசியையும் அவனிடம் கொடுத்தாள். விரல்கள் தயங்கவே இல்லை. சுற்றி, அழுத்தி, இழுத்தன. முடிச்சுகள் கச்சிதமாக வந்து உட்கார்ந்தன.

"சத்தம் கேக்குதா?" என்று தலையைத் தொட்டுக் கேட்டாள்.

இல்லை என்று தலையசைத்தான். காளானை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டப்பாவுக்குள் கிடந்த மற்ற காளான்களையும் எட்டிப் பார்த்தான். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வந்த யாரோ ஒருத்தியிடம் பேசுவதுபோல மார்லீனிடம் கேட்டான்.

"ரொம்ப அழகா இருக்குங்க. இதெல்லாம் யாரு தைக்கிறது, நீங்களா?"

மார்லீன் ஊசியை வாங்கி டப்பாவுக்குள் வைத்தாள்.

"இல்லீங்க," என்றாள். "எங்க வீட்டுக்காரரு."