ஜோதியம்மாள் ஜப்பானில் நெல்லறுத்த ஞாயிறு

1988-இல் எங்கள் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து மூன்று பேரை மூன்று மாதப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். இன்ஜினியர் அண்ணாதுரை, குல்ஷன் என்கிற நான், ஜோதியம்மாள். டேப் ரெக்கார்டருக்குள் போகிற சின்ன மோட்டாரில் தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றுவதுதான் பெண்கள் எங்கள் இருவருக்கும் வேலை. அதில் ஜோதியை அடிக்க ஆளில்லை. நான் சுற்றினால் பத்தில் ஒன்று அறுந்துவிடும். அவள் கையில் கம்பி அறுந்து நான் பார்த்ததே இல்லை.

ஜூஜுவாடியில் என் அப்பாவுக்கு டயர் கடை. எல்லை தாண்டுவது எங்கள் வீட்டில் பெரிய விஷயமில்லை. தேங்காய் வாங்க அத்திப்பள்ளிக்குப் போனாலே கர்நாடகம்தான். ஜோதி அப்படியில்லை. மத்தூர் பக்கம் கூலி வேலைக்குப் போகும் குடும்பம். பத்தாவது முடித்து நேராகத் தொழிற்சாலைக்கு வந்தவள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு நின்றபோதுதான் அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிரிக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னாராம். அதற்கும் சிரித்துவிட்டாள்.

ஜப்பானில் முதல் சிக்கல் வணக்கத்தில் வந்தது. விடுதி வார்டன் அம்மா இடுப்பை வளைத்துக் குனிந்தார். ஜோதியும் குனிந்தாள். அவர் மறுபடி குனிந்தார். பெரியவர் குனியும்போது நாம் நிமிர்ந்து நிற்பதா என்று இவளும் குனிந்தாள். எட்டாவது தடவையில் நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அண்ணாதுரை சாருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. "எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டு செய்யுங்கம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஊரில் ஆங்கிலம் கேட்டதும் எல்லோரும் புன்னகை செய்தார்கள், அவ்வளவுதான். ஜோதியோ ஒரே மாதத்தில் கடைக்காரரிடம் கதை பேச ஆரம்பித்துவிட்டாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசிப் பழகிய வாய்.

"எப்படிடி?" என்று கேட்டேன்.

"நம்ம பேச்சு மாதிரிதான் குல்ஷன். 'தண்ணி குடிச்சேன்'னு நாம சொல்றோம் இல்ல, அவங்களும் தண்ணிய முதல்ல சொல்லிட்டு, குடிச்சத கடைசில சொல்றாங்க. நாம 'வந்தியா'ன்னு கேக்க 'ஆ' போடறோம். அவங்க 'கா' போடறாங்க. அவ்ளோதான்."

சாரிடம் இதைச் சொன்னோம். "மொழிங்கறது அவ்வளவு சுலபம் இல்லம்மா" என்றார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, கடல் பார்க்கப் புறப்பட்டோம். சார் கையில் வரைபடம். காலி இடம் இருந்ததால் ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தோம். ஒரு சந்திப்பில் வண்டி நின்றது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. பெட்டியில் பாதிப் பேர் எழுந்து முன்பக்கம் போனார்கள்.

"சார், பின்னாடி இருக்கற ரெண்டு பெட்டி வேற எங்கியோ போவுதுன்னு சொல்றாங்க" என்றாள் ஜோதி.

"ஒரே வண்டி எப்படிம்மா ரெண்டு ஊருக்குப் போகும்? பேசாம உக்காரு. நான் மேப் பாத்துட்டுதானே இருக்கேன்."

வண்டி இரண்டாகப் பிரிந்தது. முன்பாதி கடலுக்குப் போனது. எங்கள் பாதி மலைக்குள் நுழைந்தது. குகை, மூங்கில் காடு, மறுபடி குகை. கடைசியில் ஒரு குட்டி ஸ்டேஷனில் நின்று, இதற்கு மேல் தண்டவாளமே இல்லை என்று ஆனது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சார் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். பிறகு சத்தமாகப் பேசினார். மாஸ்டர் குனிந்து வணங்கினார். ஜோதிதான் கேட்டுச் சொன்னாள்: "அடுத்த வண்டிக்கு மூணு மணி நேரம் ஆவுமாம் சார்."

சார் வரைபடத்தை மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தார்.

ஸ்டேஷனை ஒட்டியே நெல் வயல். நடுவயலை இயந்திரம் அறுத்து முடித்திருந்தது. அது திரும்ப முடியாத மூலைகளை ஒரு கணவனும் மனைவியும் கையால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஜோதி வரப்பில் நின்று பார்த்தாள். விரல்கள் அவளை அறியாமலே மடங்கி விரிந்தன. திடீரென்று "சுமிமாசென்!" என்று அவர்கள் மொழியில் மன்னிப்புக் கேட்டுக் குரல் கொடுத்தபடி இறங்கிவிட்டாள்.

"இங்க பாரு, நம்ம ஊரு கருக்கரிவாளேதான்! பல்லு கூட அப்படியே இருக்குது!"

புடவையை இழுத்துச் செருகினாள். அந்த வீட்டம்மா தயங்கியபடி அரிவாளை நீட்டினார். அதன்பிறகு ஜோதியை யாரும் நிறுத்த முடியவில்லை. இடது கை பிடிக்க, வலது கை இழுக்க, தாள் சரசரவென்று சாய்ந்தது. அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு வாய் பிளந்து நின்றார். பிறகு அவரே கைதட்டினார். நான் கட்டுக் கட்டினேன். நான் கட்டியதெல்லாம் அவிழ்ந்தது. சார் கொஞ்ச நேரம் வரப்பிலேயே நின்றார். பிறகு டையைக் கழற்றிவிட்டு, கட்டுச் சுமக்க இறங்கி, ஈர மூலையில் ஒரு ஷூவைச் சேற்றுக்குக் கொடுத்தார். அதை மீட்க நாங்கள் நாலு பேரும் இழுக்க வேண்டியிருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. சார்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்.

வரப்பில் உட்கார்த்திச் சோற்று உருண்டை கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது.

"என்னம்மா இது, கார்பன் பேப்பரா?" என்றார் சார்.

ஜோதி கடித்தாள். கண் பளிச்சிட்டது. "கடல்பாசிதான். உள்ள ஊறுகா வெச்சிருக்காங்க சார்!"

அவர் நான்கு உருண்டை சாப்பிட்டார். திரும்பும் ரயிலில் ஒலிபெருக்கி வாயைத் திறந்த போதெல்லாம், "ஜோதி, என்ன சொல்றாங்க?" என்று அவரே கேட்டார். மிச்சமிருந்த நாட்களில் எங்களை அழைத்துப் போனது அவள்தான். ஒரு மாதம் கழித்துக் கடலையும் பார்த்தோம்.

டிசம்பரில் ஊர் திரும்பினோம். ஜோதி எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர் ஆனாள். இருபது பெண்களுக்குக் கம்பி சுற்றக் கற்றுக்கொடுத்தாள். ஜப்பான்காரர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்தால், மேலாளர் அறையிலிருந்து முதல் அழைப்பு அவளுக்குத்தான் வரும்.

ஜப்பானிலிருந்து வந்தபின் அவள் தன் ஊருக்குப் போன முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். கிருஷ்ணகிரியில் பஸ் கண்டக்டர் டிக்கெட் கொடுத்ததும் குனிந்து வணங்கினாள். அவர் பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினார். வீட்டில் அவள் அம்மா செல்லி, விமானம் முதல் வயல்வரை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். கடைசியில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏண்டி, இங்க நெல்லறுக்க கூப்ட்டா 'லீவு இல்ல'ன்னு சொல்றவ, பிளேன் ஏறிப் போயா அறுத்துட்டு வந்த?"

ஜோதியிடம் மூன்று மொழியோடு ஜப்பான் மொழியும் இருந்தது. நான்கையும் விட்டுவிட்டு, என் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.