இன்னொருக்கா

பேத்தியின் பள்ளிக்கூட விழாவில், பிள்ளைகள் முகத்தில் பூசியிருந்த முத்துவெள்ளையும் தேங்காயெண்ணெயும் கலந்து வீசியபோது, எனக்கு வாப்பாவின் கழுத்து மணத்தது.

மருதமுனையில் தறி நெய்த வாப்பா, பெருநாள் கழிந்து போடும் பாட்டு நாடகங்களில் உம்மாவின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு ராணியாக வருவார், போரில் விழுந்த ராஜாவின் தலையை மடியில் வைத்து அவர் பாடி முடித்ததும் சனம் "இன்னொருக்கா!" என்று கத்தும், செத்த ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழும்பி, திரும்பவும் வெட்டு வாங்கி விழுவார், வாப்பா முதலடியிலிருந்து அழுது பாடுவார்.

அதே கதை படமாகிக் கல்முனைத் தியேட்டருக்கு வந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திரையில் ராணி உண்மையான பெண். வாப்பாவுக்குத் தொண்டை கட்டும் இடத்தில் அவள் குரல் வழுக்கிக்கொண்டு ஏறியது. பாட்டு முடிந்ததும் வாப்பா எழும்பி நின்று, கண்ணைத் துடைத்தபடி, "இன்னொருக்கா!" என்று கத்தினார். தியேட்டரே சிரித்தது. பின்னால் இருந்த வாங்குப் பலகையில் என் வகுப்புப் பொடியன்மார் இருந்தார்கள். காது சுட, அவர் பிள்ளையே இல்லை என்பதுபோல் எங்கள் வாங்கின் மறு நுனிக்கு நகர்ந்தேன்.

வரும் வழியில் வாப்பா சொன்னார்: "என்னையவிட நல்லாப் பாடினாள், மகன். பாவம், இன்னொருக்காப் பாட அவளுக்கு ஏலாதே."

பேத்தி பாடி முடித்தாள். அந்தச் சொல் என் தொண்டைவரை வந்தது. பக்கத்தில் மகள் இருந்தாள். அவள் நகர்ந்துவிடுவாளோ என்று பயந்து, எல்லோரையும்போலக் கை மட்டும் தட்டினேன்.