கூப்பிட ஒரு பேர்

அப்ப நான் யாழ்ப்பாணத்திலை ஒரு துரை வீட்டிலை பிள்ளை பார்க்கிற ஆயாவாய் இருந்தன். துரை இங்கிலீசுக்காரர், அவற்றை மனிசி, நாங்கள் அம்மா எண்டு கூப்பிடுறவ, சுவீடன்காரி. பிறந்த பொம்பிளைப் பிள்ளைக்கு இரண்டு பக்கத்துச் சனத்தின்ரை வாயிலும் சரியாய் வாற பேர் வேணுமெண்டு தேடிக்கொண்டே இருந்திச்சினம். நாங்கள் பேர் வைக்கிற முப்பத்தோராம் நாளும் கழிஞ்சு போச்சு. கூப்பிடப் பேரில்லாத பிள்ளை கையை விட்டுப் போயிடுமோ எண்டு, தூக்கவே எனக்குப் பயமாய்க் கிடந்தது.

ஒருநாள் மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. கண் மேலே செருகிப் போச்சு. அம்மா வாயைத் திறக்கிறா, கூப்பிட ஒரு பேரில்லை.  என்னை அறியாமல், "லீலா, லீலா" எண்டு கத்தினன். கொஞ்ச நேரத்தாலை பிள்ளை வீரிட்டு அழுதுது.

"லீலா," எண்டு அம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தா. பிறகு தனக்குத் தெரிஞ்ச தமிழிலை, "எங்கடை இரண்டு வீட்டுச் சனமும் இதைச் சரியாய்ச் சொல்லுவினம்," எண்டா.

நான் அவவின்ரை கையைப் பிடிச்சன்.

"வேண்டாம் அம்மா. அது செத்துப்போன என்ரை மகளின்ரை பேர்."

அவ பிள்ளையைத் தூக்கி என்ரை மடியிலை வைச்சா.

"அப்ப நீயே கூப்பிடு," எண்டா.

மகள் போனபிறகு வாயிலை எடுக்காத பேரை நாள் முழுக்கச் சொன்னன். பிள்ளை ஓடித் திரியிற வயசிலும், கூப்பிட்டுப் பதில் வரும்வரைக்கும் எனக்கு மூச்சு வராது.