புயலுக்கென்று பூட்டிய மின்சாரம்

அந்தமானில், போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலேறினால் எங்கள் ஊருக்கு அரை நாள் பயணம், கடல் ஒத்துக்கொண்டால். ஒத்துக்கொள்ளாத நாட்களில் இப்படி ஓர் ஊர் இருப்பதே நிர்வாகத்துக்கு மறந்துவிடும். கொள்முதல் பிரிவில் காலமெல்லாம் கோப்பு எழுதி ஓய்வு பெற்று, அரசுக் குடியிருப்பைக் காலி செய்தபின் இங்கே வந்து சேர்ந்தேன். எழுதிய கை கொஞ்சம் சும்மா இருக்கட்டும் என்று நினைத்தேன். கை சும்மா இருந்தது. வாய் இருக்கவில்லை.

நான் வந்த புதிதில் டீசல் ஜெனரேட்டர்தான். மாலையில் மட்டும் ஓடும். டீசல் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வரும். படகுத்துறையில் புயல் எச்சரிக்கையை ஒட்டினார்கள் என்றால் ஊர்க்காரர்கள் செய்யும் முதல் வேலை ஜெனரேட்டரை நிறுத்துவது. கப்பல் ரத்தாகும், மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எரிக்காத டீசல் பீப்பாயிலேயே கிடக்கும், அவசரத்துக்கு உதவும். வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர், தமிழர் என்று எதிலும் ஒத்துப்போகாத ஊர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தது. நல்ல வழக்கம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு ஒரு திட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சோலார் தகடுகளை நிறுத்தி, பக்கத்தில் கப்பல் கண்டெய்னர் போன்ற ஒரு பெட்டியில் பேட்டரியை வைத்தார்கள். திறப்பு விழா இந்தியில் நடந்தது. விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவன் ஊரில் நான் ஒருவன்தான், அது என் வியாதி. பராமரிப்பு ஊர்க் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊருக்கு ஒரே பெரிய சுவிட்ச். அதன் சாவி குழுத் தலைவரின் இடுப்பில். அவர் மளிகைக் கடைக்காரர். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பார்.

இரவும் பகலும் மின்சாரம் வந்ததில் ஊருக்குக் கிடைத்தது பகலிலும் டிவி. ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் அது பிழைப்பாக அமைந்தது. அவளுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். சுனாமிக்குப் பின் அங்கே எதுவும் மிச்சமில்லை என்று இங்கே வந்தவள், கணவனையும் இங்கேதான் புதைத்தாள். பேட்டரி வந்ததும் ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கிப் போட்டாள். தெலுங்குக்காரப் படகுகளிடம் மீன் எடுத்து, உறையவைத்து, போர்ட் பிளேரில் ஹோட்டல்களுக்குக் கப்பலில் அனுப்புவாள். அவளிடம் வேறு தொழில் இல்லை, நிலமில்லை, பிள்ளைகளும் இல்லை. அந்த ஃப்ரீசர் ஓடினால் அவள் இந்த ஊரில் இருக்கலாம்.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடியும் சமயம் எச்சரிக்கை ஒட்டினார்கள். படகுகளைக் கரையேற்றுமுன் கிடைத்த மீனையெல்லாம் அவளிடம் கொண்டுவந்து கொட்டினார்கள். இங்கே சுறுமை எனப்படும் வஞ்சிரமும் இறாலுமாக ஃப்ரீசர் மூடி முட்டியது. கப்பல் ரத்தானது. தலைவர் சாவியோடு போய் சுவிட்சை இறக்கினார்.

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

"ஐயா, கரண்ட நிறுத்திட்டாருங்க" என்று என் வாசலில் வந்து நின்றாள். "வெயில் மண்டைய பொளக்குது. நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் சொன்னா யாரும் கேக்கறதில்லம்மா. எழுதிக் குடுத்தா கேக்கற மாதிரி நடிப்பாங்க."

"அப்ப எழுதிக் குடுங்க."

எழுதவில்லை. நேரே கடைக்குப் போனேன்.

"வாங்க சார், சாய் குடிங்க" என்றார் தலைவர். "கரண்ட் மேட்டர்னா சாய் மட்டும் குடிச்சிட்டுப் போங்க."

"பேட்டரி நிறைஞ்சு நிக்குது. இதுக்கு மேல அதுல ஏறாது. தகட்டுல வர்ற கரண்ட் சும்மா போகுது. வெயில் இருக்கறவரைக்கும் லைனைக் குடுங்க. சாயங்காலம் நிறுத்துங்க."

"டிரம் நெறஞ்சிருக்குன்னு யாராவது அடியில குழாயத் தொறந்து விடுவானா சார்?"

"மேல குழாய் கொட்டிக்கிட்டே இருக்கே. எடுத்தாலும் நிறையும்."

"மௌசம் மாறி மேகம் வந்துடுச்சுன்னா? மேல குழாய் பந்த். அப்போ?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தெலுங்குப் படகுக்காரர் இந்தியில் ஆரம்பித்து எனக்காகத் தமிழுக்கு மாறினார். பெரிய குமாஸ்தா என்ற பொருளில் என்னைப் படா பாபு என்பார். "படா பாபு, நீங்க ஃபைல்ல சைன் போட்டா தூஃபான் ரிட்டர்ன் போயிடுமா?" கடை முழுக்கச் சிரித்தது. அவர் பிடித்த மீனும் அந்த ஃப்ரீசரில்தான் கிடந்தது. அதை நினைவூட்டினேன். "குடுத்தாச்சு இல்ல, இனிமே அது அந்த பெஹன்ஜியோட மீன்" என்றார்.

தலைவரை வலுக்கட்டாயமாகப் பேட்டரி இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். பெட்டியின் கதவில் ஒரு சின்னத் திரை உண்டு. அதில் நூறு என்று பச்சையில் எரிந்துகொண்டிருந்தது. என் கட்சிக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்று விரலை நீட்டினேன்.

"பாத்தீங்களா சார்" என்றார் அவர், முகம் மலர்ந்து. "நூறு. ஒரு புள்ளி கொறையல. இப்படியே இருக்கணும்."

எனக்கு வீணாகத் தெரிந்த எண் அவருக்குச் சேமிப்பாகத் தெரிந்தது. புத்தகத்தில் இருந்ததைப் பக்க எண்ணோடு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தகடுகளைப் பார்த்தபடி வேறு குரலில் பேசினார்.

"என் மருமகளுக்கு வலி எடுத்தப்ப இங்க நீங்க வரல இன்னும். புயல். கப்பலும் இல்ல, ஹெலிகாப்டரும் இல்ல. டீசல் தீந்து போச்சு. எவனோ கல்யாண வீட்டுக்குன்னு முன்னாடியே எரிச்சிட்டான். மொபைல் லைட்ல நர்ஸம்மா பாத்தாங்க. புள்ள வந்துச்சு. அழல. என்ன ஆச்சுன்னு அந்த இருட்டுல யாருக்கும் தெரியல." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "மீன் போனா மறுபடி புடிக்கலாம் சார்."

இருந்தாலும் நான் சொன்னதுதான் சரி. அவர் சொன்னது அதைப் பொய்யாக்கவில்லை.

போர்ட் பிளேரில் சம்பந்தப்பட்ட பொறியாளருக்குத் தொலைபேசினேன். "குழுவிடம் ஒப்படைச்சாச்சு சார், நாங்க தலையிட முடியாது. எழுத்துமூலமாக் கொடுங்க, பரிசீலிக்கிறோம். அடுத்த கப்பல்ல அனுப்பிடுங்க" என்றார். அருமையான பதில். ஓட்டையே இல்லாத பதில். அந்த ரகத்தில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அடுத்த கப்பல் இருந்தால் மீனையே அனுப்பிவிடலாமே என்று நான் சொல்லுமுன் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அவள் ஃப்ரீசரைச் சாக்கால் சுற்றி, அதன்மேல் கம்பளிகளைப் போட்டு மூடினாள். யாரும் மூடியைத் திறந்துவிடக் கூடாது என்று அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே சாப்பிட்டாள். வெளியே வெயில் தகரக் கூரையை வறுத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகடுகள் வெயிலை வாங்கிக்கொண்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா கிடந்தன. ஃப்ரீசருக்கு அடியில் முதலில் தண்ணீர் கசிந்தது. பிறகு கசிந்தது தண்ணீரில்லை. நாய்கள் வந்து வாசலில் படுத்துக்கொண்டன. அப்போதுதான் அவள் கீழே இறங்கினாள்.

கடற்கரையில் தாழம்புதருக்கு அப்பால் குழி வெட்டினோம். மண்வெட்டியோடு தலைவரும் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வயதுக்கு மீறி ஆழமாக வெட்டினார். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மீனைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டியவளை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கூடையைக் கவிழ்த்தபோது, "இது நல்ல சுறுமைங்க" என்றாள், விலை சொல்லும் குரலில்.

காற்றழுத்தத் தாழ்வு பர்மா பக்கம் போய்விட்டது. எங்களுக்கு ஒரு தூறல்கூடக் கிடைக்கவில்லை. எச்சரிக்கையை எடுத்தார்கள், சுவிட்ச் ஏறியது. பேட்டரியில் முழுசாக இருக்கிறது என்று ஊருக்கே சந்தோஷம். "பூரா பச் கயா" என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள், எல்லாம் தப்பியது என்று.

அவள் ஃப்ரீசரைச் சோப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தாள். வாடை போகவில்லை. போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் அவளிடம் மீன் வாங்கிய ஹோட்டல்காரர், கப்பல் வராத வாரத்தில் வேறொருவரோடு ஏற்பாடு செய்துகொண்டதாகத் தொலைபேசியில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னாராம். படகுக்காரர்கள் மறுபடி மீனோடு வந்தபோது அவள் கதவைத் திறக்கவில்லை. பிறகு போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் இருக்கும் தங்கை வீட்டோடு போய், அங்கே ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். புறப்பட்ட அன்று துறையில் என்னிடம், "எழுதிக் குடுக்கச் சொன்னேனேங்கய்யா" என்றாள். குற்றம் சாட்டவில்லை. ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான்.

எழுதினேன். அவள் போனபிறகு. வெயில் உள்ளவரை புயல் எச்சரிக்கைக் காலத்திலும் பகலில் மின்சாரம் தரப்படும் என்று முறையான தீர்மானம். முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர் தெலுங்குப் படகுக்காரர். மறுத்துப் பேச ஆளில்லை, ஒருமனதாக நிறைவேறியது. என் பணிக்காலத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு காரியம் முடிந்ததில்லை.

அண்மையில் மறுபடி எச்சரிக்கை ஒட்டினார்கள். பகல் முழுக்க லைன் இருந்தது. வீடுகளில் மின்விசிறி சுற்றியது, எங்கோ டிவி கத்தியது. ஊரில் பகல் மின்சாரத்தால் பிழைக்கிறவர் யாரும் இல்லை. அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றி, தொலைபேசியில் கூப்பிட்டேன். தீர்மானத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நல்லதுங்கய்யா" என்றாள். பின்னால் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "குழாயில தண்ணி நிக்கப் போவுதுங்க. இன்னும் ரெண்டு குடம் பிடிக்கணும். வச்சிடட்டுமா?"

வைக்கச் சொன்னேன்.