படகின் அடுப்பைத் தேய்த்த கதை

மட்டக்குளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், களனி ஆற்றுச் சேற்றில் ஒரு பழைய நீராவிப் படகு கிடக்கிறது. கொட்டாஞ்சேனையில் பிறந்த நான் கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அதன் இரும்புத் தட்டில்தான் மிளகாய் காயப் போடுகிறேன். எத்தனை வெள்ளம் வந்து போயும் ஒரு ஆணி கழன்று விழவில்லை. செய்தவன் கெட்டிக்காரன்.

போன வருஷம் கரையைத் துப்புரவாக்க வந்த அதிகாரி, அதை வெட்டி இரும்புக்கு ஏற்றப்போவதாகச் சொன்னார். பழைய கப்பல்களை ஆராய்கிற ஒரு பிள்ளை தடுத்தாள். அது வெறும் இரும்பில்லை என்று காட்ட அவளுக்கு ஒரு கிழமை, ஏழே நாள், தவணை கிடைத்தது.

ஆராய்ச்சிக்கு ஆட்கள் வருகினம் என்றால் எங்கள் படகு ஊத்தையாகக் கிடக்கலாமோ? முதல் நாளே தேய்க்கிற தேங்காய்த் தும்பும் கையுமாக உள்ளே இறங்கினேன். நீராவி காய்ச்சுகிற பொய்லருக்குக் கீழே இறுக மூடிக் கிடந்த அடுப்பைத் திறந்து சுரண்டி, வழித்து, கழுவி, சோறு போட்டுச் சாப்பிடலாம் போல வைத்தேன்.

பிள்ளை வந்து எட்டிப் பார்த்தாள். அப்படியே குந்திவிட்டாள்.

"ஆர் அம்மா இதைத் துடைச்சது?"

"நான்தான். நல்லாயிருக்கோ?"

"அந்தக் கரியைப் பார்க்கத்தான் அம்மா நான் வந்தனான். படகைக் கட்டின கதை எங்கையாவது எழுதிக் கிடக்கும். ஓட்டின ஆட்கள் பட்ட பாடு இந்த அடுப்பிலைதான் இருந்தது. இனி என்னத்தைக் காட்டி இதைக் காப்பாத்திறது?"

என் சுத்தத்தை இந்த வயது வரைக்கும் ஒருவரும் குறை சொன்னதில்லை.

"கழுவினனான்தான். எறிஞ்சனான் எண்டு சொன்னனானோ?" என்றேன்.

சாம்பலை எறிகிற பழக்கம் எனக்கில்லை. இரண்டு பால்மாத் தகரப் பேணிகளில் அள்ளி வைத்திருந்தேன். மேலே கிடந்த மெல்லிய சாம்பல் பித்தளை விளக்குத் தேய்க்க. அடியில் இறுகிக் கிடந்த கரடு, சட்டிக்கு. இரண்டையும் கலந்தால் விளக்கில் கீறல் விழும்.

அவள் பேணிகளை வேறுவேறாகக் கடதாசியில் கொட்டிக் கிளறினாள். அடியில் எடுத்ததில் நிலக்கரிக் கட்டி. மேலே எடுத்ததில் கருகின தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகள். நிலக்கரி கிடைக்காமல் போன பிறகும் படகை விடாமல் சிரட்டை எரித்து ஓட்டியிருக்கினம். அதற்காக அடுப்பு வாயையும் வெட்டிப் பெருப்பித்திருக்கினம். அவள் சொல்லச் சொல்ல, முகம் தெரியாத அந்த ஆட்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

"நல்லகாலம், கலக்காமல் வைச்சீங்கள்," என்றாள்.

"கலக்கிறதுக்கு நான் என்ன நேற்று அடுப்படிக்கு வந்தவளோ?"

அதிகாரியும் வந்து பார்த்தார். வெட்ட வேண்டாம் என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

பேணிகளை அவள் கொண்டுபோனாள். எடுத்தவர் பெயர் மேலே எழுத வேண்டுமாம். எழுத்துக் கூட்டி நானே எழுதினேன். விளக்குத் தேய்க்க இப்போது கடைத் தூள்தான். அந்தப் பளபளப்பு வருவதில்லை.