செலின் கேட்ட பிரிவு

மைசூர் லஷ்கர் மொஹல்லாவில் செலின் டீச்சர் என்றால் கணக்கு என்று அர்த்தம். பெண்கள் பள்ளியில் பெரிய வகுப்புகளுக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தாள். சண்டை உச்சத்தில் இருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம், பட்டாளத்தின் மகளிர் படைக்குப் படித்த பெண்களை அதிகாரிகளாக எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அவள் கண் போய் நின்றது ஒரே வரியில்: சங்கேதப் பிரிவு. ரகசியத் தந்திகளை எண்களாக மாற்றி அனுப்புவதும், வந்த எண்களைப் பிரித்துப் படிப்பதும்தான் அங்கே வேலை. தனக்கென்றே யாரோ அப்படியொரு வேலையை உண்டாக்கி வைத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

அம்மா தெரசம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

"போறதே போறே, நர்ஸ் வேலைக்குப் போயேன்டி. நாலு பேர் கேட்டா சொல்லிக்கலாம். தந்தி படிக்கவா பட்டாளத்துக்குப் போவாங்க?"

அண்ணன் பிரகாசம் ரயில்வே குமாஸ்தா. அவனுக்கு வேறு கவலை.

"எந்தப் பிரிவையாவது கேளு. ஆனா துரைசானி முன்னாடி பிடிவாதம் பிடிக்காதே. நீங்க எது குடுத்தாலும் சரின்னு பணிவா சொல்லு. இல்லேன்னா சும்னே, வெறுங்கையோட, திரும்பி வரவேண்டியதுதான்."

பெங்களூரில் நேர்முகம். நடுவில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார்.

"எந்தப் பிரிவு வேண்டும்?"

"சங்கேதப் பிரிவு."

"அது கிடைக்காவிட்டால்?"

செலினின் வாய் அண்ணன் சொன்னதையே சொல்லிவிட்டது. "நீங்கள் எது கொடுத்தாலும் சரி."

அந்த அம்மாள் மலர்ந்து சிரித்தார். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்றுதான் செலின் ரயிலில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி முடிந்ததும் மைதானத்தில் நிறுத்திவைத்து ஒவ்வொருவருக்கும் பிரிவைச் சொன்னார்கள். செலினுக்கு மெஸ். படைப் பெண்களின் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. பயிற்சியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஐவிக்குச் சங்கேதப் பிரிவு. ஐவியும் மைசூர்ப் பெண்தான்.

"நீ என்ன சொன்னே அவங்ககிட்ட?" என்று செலின் கேட்டாள்.

"அது இல்லேன்னா மைசூருக்கு ரயில் ஏறிடறேன்னு சொன்னேன். அவங்களுக்கு ஆள் வேணும். நமக்கென்ன கெஞ்சணும்னு தலையெழுத்தா?"

"கணக்கு நல்லா வருமா உனக்கு?"

"ஐயோ! எனக்கும் கணக்குக்கும் ஆகவே ஆகாது," என்று ஐவி சிரித்தாள்.

செலின் குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள். எரிச்சல் அடங்கவில்லை. விடுமுறையில் வீட்டுக்குப் போனவள் வாசலிலேயே அண்ணனிடம் வெடித்தாள். "உன் பணிவை நீயே வச்சுக்கோ!" பிரகாசத்துக்குப் புரியவில்லை. "அதிகாரி ஆயிட்டியே, இன்னும் என்ன?" என்றான்.

மெஸ்ஸில் அரிசியில் கல் பார்ப்பதும், புழு வைத்த மாவைத் திருப்பி அனுப்புவதும், காய்கறிக் கண்டிராக்டரோடு மல்லுக்கட்டுவதுமாகப் பொழுது போயிற்று. அரை மனசாகச் செய்ய அவளுக்குத் தெரியவில்லை. சில மாதங்களில் சாப்பாட்டைப் பற்றி முணுமுணுப்பு நின்றது. அந்தத் தைரியத்தில் மேலதிகாரியிடம் போய்ப் பிரிவு மாற்றம் கேட்டாள்.

"உன் மெஸ்ஸைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை. உன்னை எப்படி விடுவது?" என்றார் அவர், பாராட்டுகிற குரலில்.

அப்படியானால் புகார் வரட்டும் என்று செலின் கையைக் கட்டிக்கொண்டாள். வாடிய காய் வந்தது, பேசாமல் வாங்கினாள். பருப்பு அடிப்பிடித்தது, எட்டிப் பார்க்கவில்லை. டெலிபோன் வேலை முடிந்து வந்த பெண்கள் தட்டை அப்படியே தள்ளிவிட்டுப் போனார்கள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சமையற்காரர் மல்லப்பன் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களாம்மா? புள்ளைங்க பட்டினியா படுக்குதுங்க."

செலின் எழுந்து கிடங்குக்குப் போய் அழுகின காயையெல்லாம் கூடையோடு வெளியே தள்ளினாள். பெண்கள் மறுபடி சாப்பிட்டார்கள். மறுபடி மாற்றம் கேட்டாள். மறுபடி அதே பாராட்டு. ஐவி டில்லிக்குப் போனாள், பதவி உயர்ந்தாள். செலின் வெங்காயத்தோடு இருந்தாள். சண்டை முடிந்தது.

ஊர் திரும்பியவளைப் பள்ளியின் தலைமைக் கன்னியாஸ்திரீயான மதர் அன்பாகவே வரவேற்றார்.

"நம்ம ஹாஸ்டல் சமையலை நீங்கதான் ஏத்துக்கணும், செலின். பட்டாளத்துக்கே சோறு போட்டவங்க!"

"முடியாதுங்க, மதர்."

"கூடுதல் வேலையாத்தான் கேக்கறேன். யோசிச்சு..."

"யோசிக்க ஒண்ணுமில்லே, மதர். நான் கணக்கு டீச்சர்."

மதரின் முகம் சுருங்கிவிட்டது. பெரிய வகுப்புகளுக்கு வேறு ஆள் இருக்கிறது என்றார். அந்த வருஷம் செலினுக்குக் கிடைத்தது நாலாம் வகுப்பு. முதல் நாளே அவள் போட்ட அதட்டலில் பிள்ளைகள் அவளுக்கு மிலிட்டரி டீச்சர் என்று பெயர் வைத்தன. கரும்பலகையில் பின்னக் கணக்கு ஒன்றை எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"யாருக்குத் தெரியும்? கையைத் தூக்கு," என்றாள்.