கடைசி மேட்டை மிதித்தே ஏறியவர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை கல்லல் சாலையில் பஞ்சரான டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, தெய்வானை அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மதுரை மருத்துவமனையிலிருந்து அவரே பேசுகிறார் என்று நினைத்து, "என்னக்கா, எந்திரிச்சிட்டீகளா?" என்றேன். பேசியது அவர் மகள். "சித்தி, அம்மா போயிட்டாக." மூளையில் ரத்தம் கசிந்து இரண்டு நாட்களாக நினைவில்லாமல் கிடந்தவர், விடியும்போது போய்விட்டார்.

கோட்டையூரில் அவருடைய மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவர் கியர் சைக்கிள் வாங்கியதைப் பார்த்துச் சிரித்தவர்களும் நம்மில் உண்டு. நான் அவருடன் சேர்ந்து மிதித்தவள். அதனால் மலையில் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

தேனிப் பக்கத்து மலையடிவாரத்தில் நடக்கும் நெடுந்தூரச் சைக்கிள் பயணம் அது. தார்ச்சாலை மிகக் குறைவு. பெரும்பாலும் சரளையும் மண்ணும்தான். முடியும் இடம் ஒரு மேட்டின் உச்சி. பொழுது சாய்வதற்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் கணக்கில் வராது. முதல் முறை போனபோது, அந்தக் கடைசி ஏற்றத்தின் நடுவளைவில் அக்கா எழுந்து நின்று மிதித்தார். பின்சக்கரம் சரளையில் வெறுமனே சுழன்றது. சாய்ந்து விழுந்ததில் முழங்கை கிழிந்தது. எங்கள் இருவரையும் பின்னால் வந்த வண்டியில் ஏற்றினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். அக்காவோ ஓட்டுநரிடம், "தம்பி, கொஞ்சம் மெதுவாப் போங்க. வளைவெல்லாம் நல்லாப் பாத்துக்கிறேன்" என்றார்.

ஏறிப் பழக நம் ஊர்ப்பக்கம் மலைக்கு எங்கே போவது? குன்றக்குடி மலையில் இருப்பது படிக்கட்டு. அக்கா கண்மாய்க் கரையைத் தேர்ந்தெடுத்தார். பின்னால் தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு, செம்மண் சரிவில் ஏறுவதும் இறங்கித் திரும்ப ஏறுவதுமாகக் காலைப் பொழுதுகள் போயின. ஆடு மேய்க்க வந்த ஒருவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆத்தா, எதையும் தொலச்சுப்புட்டீகளா? இங்குட்டும் அங்குட்டும் அலையிறீகளே" என்று கேட்டார். "ஆமாண்ணே, ஒரு மேட்டத் தொலச்சுட்டேன்" என்றார் அக்கா, மூச்சு வாங்கியபடியே.

நான் சலித்துப்போய் வராமலிருந்த நாட்களில் கடையிலிருந்தே போன் செய்வார். "மேடு எங்குட்டும் போகாது கலா. நாமதான் போகணும்" என்பார். அறிவுரை போல இராது; பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்வதுபோல இருக்கும்.

மறுவருடமும் போனோம். முந்தின நாள் பெய்த மழையில் மண் அரித்துப்போய்க் கல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. கடைசி ஏற்றத்தின் அடியில் அக்கா நின்று, கல்லில் வழுக்காமலிருக்க இரண்டு சைக்கிள் டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். முன்னால் போனவர்கள் பலர் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தொடை இழுத்துப் பிடித்தது.

"அக்கா, எறங்கிரட்டா?"

"எறங்கினா இந்தச் சரளையில திரும்ப ஏறி மிதிக்க முடியாதுடி. எந்திரிக்காத. உக்காந்தே மிதி. பாரம் பின்னால இருக்கட்டும்."

அவர் விழுந்த வளைவு வந்தது. பின்சக்கரம் ஒருமுறை வழுக்கியது. அவர் எழவில்லை. தோளைத் தாழ்த்தி, இருக்கையில் அழுந்தி உட்கார்ந்து, அரைச் சுற்று, இன்னொரு அரைச் சுற்று என்று நகர்த்தினார். சக்கரம் தரையைப் பிடித்தது. வளைவைத் தாண்டியதும் அவர் போட்ட குலவையில் மரத்திலிருந்த குரங்குகள் சிதறி ஓடின. என் கால்வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் குலவையின் பின்னாலேயே நானும் ஏறினேன்.

உச்சி தெரிந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. இனி யாரும் வரமாட்டார்கள் என்று எண்ணி, வரவேற்பு வளைவின் துணியையும் கம்புகளையும் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தொண்டை கிழியக் கத்தினார்:

"ஏய், பந்தலப் பிரிக்காதீகப்பா! பொண்ணு வருது!"

அவிழ்த்த துணியின் இரு முனைகளையும் இரண்டு பேர் ஓடிவந்து கையாலேயே தூக்கிப் பிடித்தார்கள். அதன் அடியில் நாங்கள் இருவரும் சேர்ந்து நுழைந்தோம். அன்று முடித்தவர்களில் நாங்கள்தான் கடைசி. முதலில் வந்தவருக்குக்கூட அத்தனை கைதட்டல் கிடைத்திருக்காது. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்ட அக்கா, ஆறிப்போன சாம்பார் சாதத்தை இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அந்த மேட்டுக்கு இந்த ஆண்டும் பெயர் கொடுத்துவிட்டேன். தனியாகத்தான் ஏறப் போகிறேன். அநேகமாகக் கடைசியாகத்தான் வருவேன். அவர்கள் கம்புகளை அவிழ்க்கத் தொடங்கியிருப்பார்கள். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குரல்தான். வெட்கப்படாமல் கத்துவேன்.